புயலுக்குப் பின் வீடு: பட்டியல், பட்டா, மனை

விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 2024 டிசம்பர் 1-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டரைத் தாண்டி மழை பதிவானது. ஃபெஞ்சல் புயல் முந்தைய இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தும் நகராமல், அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை ஆறு கரை மீறியது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை தண்ணீருக்குள் போனது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன.

டிசம்பர் 3-ஆம் தேதி தமிழக அரசு நிவாரணத்தை அறிவித்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட ரேஷன் அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய். முழுதும் அழிந்த குடிசைக்குப் பதிலாகக் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீடு கட்ட முன்னுரிமை. முதல் உதவிக்கு ரேஷன் அட்டை போதும். இரண்டாவதற்கு, கணக்கெடுக்க வருபவர் அந்தக் குடிசையைத் தேடி வந்து எழுத வேண்டும். மூன்றாவதற்குக் காலடி மண் தன்னுடையது என்று காட்டும் காகிதம் வேண்டும். உதவி பெரிதாகப் பெரிதாக, அதைக் கேட்க வேண்டிய தகுதியும் ஏறிக்கொண்டே போகிறது. தண்ணீர் எல்லாத் தெருவிலும் புகுந்தது; வீடு கட்டும் பணமோ பட்டா இருக்கும் தெருவையே முதலில் தேடிப் போகிறது. இந்த அத்தியாயம் அந்தப் பாதையைத் திருப்ப நினைக்கும் வார்டு உறுப்பினர்கள், ஆசிரியர்கள், மகளிர் குழுவினர், ஊர் இளைஞர்கள், நல்ல மனமுள்ள கிராம நிர்வாக அலுவலர்கள் (வி.ஏ.ஓ.க்கள்) ஆகியோருக்கானது.

பள்ளத்தில் இருப்பவர்கள் யார்?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 29.37 சதவீதம், பழங்குடியினர் 2.16 சதவீதம். மாவட்டத்தின் எந்த ஒன்றியத்துக்குப் போனாலும் ஊர் ஓரிடத்திலும் பட்டியல் சாதியினர் வாழும் காலனி ஓரிடத்திலும் இருக்கும். பல ஊர்களில் காலனி தாழ்ந்த பக்கத்தில், வயலையோ ஓடையையோ ஒட்டி இருக்கும். அதற்கும் அப்பால், ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் பழங்குடியினரான இருளர்களின் குடிசைகள் பத்தோ இருபதோ நிற்கும். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததல்ல. திண்டிவனத்துக்கு வடக்கே, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பறையர் மக்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருக்கிறது, எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிடுங்கிவிடலாம் என்ற நிலை அவர்களை அடிமைப்படுத்தி வைத்திருக்கிறது என்பது அதன் சாரம். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் அவர்களுக்கெனப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. 130 ஆண்டுகள் ஓடிய பிறகும், ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் குடும்பத்துக்கு, காலடி மனை யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

ஆகவே வெள்ளம் வந்ததும் முதலில் மூழ்குவதும் கடைசியில் வடிவதும் ஒரே இடம். மீட்புப் படகும் அதிகாரிகளின் வாகனமும் கடைசியாகப் போய்ச் சேர்வதும் அதே இடம்தான்.

குடிசையா, மண் வீடா?

இழப்பீட்டின் அடிப்படைக் கணக்கு பலருக்குத் தெரியாது; தெரிந்தே ஆக வேண்டியது இதுதான். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து என்ன கொடுக்கலாம் என்பதற்கு மத்திய உள்துறை அமைச்சகம் 2022–26 காலத்துக்கு விதிமுறை வகுத்தது. அதன்படி சமவெளிப் பகுதியில் முழுதும் அழிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். அது கல் கட்டடமாக இருந்தாலும் மண் சுவராக இருந்தாலும் தொகை ஒன்றே. பகுதி சேதமென்றால் கல் வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. ஆனால் “குடிசை” என்ற பத்தியில் எழுதப்பட்டால், முழுதும் போயிருந்தாலும் 8,000 ரூபாய்தான். மாநில அரசு தன் பங்காகக் கூட்டிக் கொடுத்தாலும் இந்த இடைவெளி அடைபடுவதில்லை.

விதிமுறை குடிசையை எப்படி விளக்குகிறது? ஓலை, மண், பிளாஸ்டிக் தாள் போன்றவற்றால் ஆன, மண் வீட்டைவிடத் தாழ்ந்த தற்காலிக இருப்பிடம் என்கிறது. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் நாலு பக்கமும் மண் சுவர் எழுப்பி, மேலே பனையோலையோ ஓடோ போட்டு, இருபது ஆண்டாக ஒரு குடும்பம் வாழ்கிறது. அது மண் வீடா, குடிசையா? சுவர் கரைந்து மண்மேடாகிவிட்ட பிறகு வந்து பார்ப்பவருக்குக் கூரை மட்டும்தான் தெரியும். அவர் “குடிசை” என்று எழுதிவிட்டுப் போனால், ஒரே சொல்லில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் குறைந்துவிடும். அந்தச் சொல் எந்தத் தெருவில் அதிகம் எழுதப்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதனால் செய்ய வேண்டிய வேலை மழைக்கு முன்பே தொடங்குகிறது. காலனியிலும் இருளர் குடியிருப்பிலும் ஒவ்வொரு வீட்டையும் நாலு பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும். சுவர் தெரிய வேண்டும். வீட்டுக்காரர் வாசலில் நிற்க வேண்டும். கைப்பேசியில் இடமும் தேதியும் பதிவாகும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளம் வடிந்ததும், சுத்தம் செய்வதற்கு முன்னால், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் இடிந்த பகுதியையும் மறுபடி எடுக்க வேண்டும். வீட்டைக் கழுவிவிட்டுப் பிறகு எடுத்த படத்துக்கு மதிப்பு குறைவு. ஆனால் குழந்தைகளை வைத்துக்கொண்டு சகதியில் இருக்கும் தாயிடம் “அதிகாரி வரும்வரை தொடாதீர்கள்” என்று சொல்வது கொடுமை. படத்தை எடுத்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து சேற்றை வாருவதே முறை.

தொகுப்பு வீடுகளில் இன்னொரு சிக்கல். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் காலனிகளில் கட்டிக் கொடுத்த அந்த வீடுகளின் கூரையில் கம்பி வெளியே தெரியும். மழை நாளில் காரை பெயர்ந்து விழும். ஒரு பெருமழைக்குப் பிறகு அது வசிக்கத் தகாததாகிவிட்டாலும், “இது ஏற்கெனவே பழுதான வீடு, புயலால் ஆனதல்ல” என்று பட்டியலிலிருந்து தள்ளிவிட முடியும். மழைக்கு முன் எடுத்த படமும், ஒன்றியப் பொறியாளரிடம் கேட்டு வாங்கிய நிலைச் சான்றும் இருந்தால் இந்த வாதம் நிற்காது. அரசு கட்டிக் கொடுத்த வீட்டைப் பராமரிக்காமல் விட்டதற்கான தண்டனையை அதில் குடியிருப்பவர் மேல் சுமத்துவதில் எந்த நியாயமும் இல்லை.

விதிமுறையின் கீழே ஒரு குறிப்பும் உண்டு: சேதமான வீடு, உரிய அதிகாரி சான்றளித்த அனுமதிபெற்ற கட்டடமாக இருக்க வேண்டும். புறம்போக்கில் இருப்பவருக்கு இந்த ஒரு வரியே வாசலை அடைத்துவிடக் கூடியது. பட்டா பற்றிய பகுதியில் அதற்கு வருவோம்.

பட்டியல் எழுதும் நாள்

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் நடந்தவை நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. நிவாரணப் பொருளும் பயனாளிப் பட்டியலும் பெரும்பாலும் மீனவப் பஞ்சாயத்துகள் வழியாகப் போயின. அந்த அமைப்பு வலுவாக இருந்ததால் மீனவக் குடும்பங்களுக்கு உதவி வேகமாகக் கிடைத்தது. அது நல்ல செய்தி. ஆனால் படகு இல்லாத, மீன் சுமந்தும் கூலி வேலை செய்தும் அதே கடலை நம்பிப் பிழைத்த தலித் குடும்பங்களும் இருளர்களும் அந்தப் பஞ்சாயத்தின் கணக்கில் இல்லை. முகாமில் சேர்ந்து தங்க விடாதது, தண்ணீர்த் தொட்டியில் பிடிக்க விடாதது போன்ற சம்பவங்களும் வெளிவந்தன. 2005 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை இந்தப் பாகுபாட்டைப் பற்றிப் பேசியது. 2007-இல் டிமதி கில் எழுதிய ஆய்வறிக்கை இன்னும் ஒரு படி போனது. தொண்டு நிறுவனங்கள் “நாங்கள் சாதி பார்ப்பதில்லை” என்று கண்ணை மூடிக்கொண்டதாலேயே பாகுபாடு பெருகியது என்பது அவருடைய முடிவு. கிராமத்தில் சாதி வேலை செய்துகொண்டிருக்கும்போது, உதவி செய்ய வந்தவர் அதைப் பார்க்க மறுத்தால், பலனை ஏற்கெனவே வலுவாக இருப்பவரே எடுத்துக்கொள்வார்.

அந்த அனுபவத்தின் பின்னணியில்தான் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 61-ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். நிவாரணமும் இழப்பீடும் வழங்குவதில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்று அது நேரடியாகச் சொல்கிறது. மனு எழுதும்போது இந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிடலாம். “பாரபட்சம் நடந்தது” என்ற பொதுவான புகாரைவிட, சட்டப் பிரிவும் விடுபட்ட வீடுகளின் பட்டியலும் இணைந்த மனு தாசில்தார் அலுவலகத்தில் கூடுதல் கவனம் பெறும்.

கணக்கெடுப்பு எங்கே தொடங்குகிறது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அதுவே பாதி முடிவைத் தீர்மானிக்கிறது. மேட்டுத் தெருவில் தொடங்கினால் மதியத்துக்குள் ஊர் முடியும், மாலைக்குள் காலனி. ஏரிக்கரைக்குப் போகும் பாதை சகதியாக இருக்கும். “நாளைக்குப் பார்க்கலாம்” என்பார்கள். நாளைக்கு அவருக்கு இன்னொரு கிராமம் இருக்கும். ஆகவே ஊர் இளைஞர்கள் வி.ஏ.ஓ.வையும் வருவாய் ஆய்வாளரையும் முன்கூட்டியே சந்தித்து, கடைசிக் குடியிருப்பிலிருந்து ஊரை நோக்கி வரும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். கூடவே நடந்தும் போக வேண்டும். அந்தக் குழுவில் காலனியிலிருந்து ஒருவர், இருளர் குடியிருப்பிலிருந்து ஒருவர், குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும். வீட்டு எண் இல்லாத குடிசைகளுக்கு அன்றைக்கே சுண்ணாம்பால் எண் போட்டு, அந்த எண்ணையே பட்டியலிலும் எழுதச் சொல்லலாம்.

பூட்டிய வீடு தனிக் கவனம் கேட்கிறது. இருளர் குடும்பங்களில் பலர் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மரம் வெட்டவும் மாதக்கணக்கில் வெளியூர் போய்விடுவார்கள். புயல் அடிப்பது நவம்பர், டிசம்பரில். கணக்கெடுப்பும் மறுஆய்வும் பொங்கலைத் தாண்டியும் நீளும்போது அவர்கள் சூளையில் இருப்பார்கள். பட்டியலில் “ஆள் இல்லை” என்று ஒரு வரி விழும். அந்த வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணை அக்கம்பக்கத்தில் வாங்கி, அதிகாரி முன்பாகவே பேச வைப்பதும், “தற்காலிகமாக வெளியூர்” என்று எழுத வைப்பதும் உடனிருப்பவரின் கடமை. சூளை முதலாளி முன்பணத்தைக் காரணம் காட்டி அனுப்ப மறுத்தால், அது கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம், 1976-க்குள் வரும் விஷயம். உடனே சார் ஆட்சியரிடம் சொல்ல வேண்டும்.

எழுதி முடித்த பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் மட்டும் ஒட்டினால் போதாது. அலுவலகம் பெரும்பாலும் ஊர்த் தெருவில் இருக்கும். காலனியின் அங்கன்வாடிச் சுவர், ரேஷன் கடை, இருளர் குடியிருப்பின் நுழைவு என மூன்று இடங்களிலும் ஒட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு மாலையில் உரக்க வாசிக்க வேண்டும். பட்டியலைக் கொடுக்க மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவே பயனாளிகளின் விவரத்தைத் தானாக வெளியிடச் சொல்கிறது என்பதை நினைவூட்டலாம். அப்படியும் தராவிட்டால் 6(1) பிரிவின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு. முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

பட்டா: நியூ ஆர்லியன்ஸிலும் அதே கதை

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. மீண்டும் வீடு கட்ட லூசியானா மாநிலம் “ரோடு ஹோம்” என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்க ஆகும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துத் தொகை கணக்கிடப்பட்டது. கேட்பதற்கு நடுநிலையான சூத்திரம். ஆனால் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் வீட்டின் சந்தை மதிப்பு காலங்காலமாகக் குறைவு. சிமென்ட்டுக்கும் மரத்துக்கும் எல்லோரும் ஒரே விலைதான் கொடுக்க வேண்டும். கிடைத்த தொகை மட்டும் தெருவுக்குத் தெரு மாறியது. 2008-இல் நியாய வீட்டுவசதிக்காகப் போராடும் உள்ளூர் அமைப்பும் வீட்டுக்காரர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2011-இல் 6.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அது முடிந்தது.

அங்கே இன்னொரு வலி, பத்திரம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்களில் தாத்தாவின் வீடு உயில் இல்லாமலே பேரனுக்கு வந்திருக்கும். பெயர் மாற்றப்பட்ட பத்திரம் இல்லாததால் பேரிடர் உதவி மறுக்கப்பட்டது. 2017-இல் மரியா புயலுக்குப் பிறகு புவேர்ட்டோ ரிக்கோவிலும் இதே நிலை. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பேரிடர் முகமை தன் விதியைத் தளர்த்தியது. வேறு வகை ஆவணங்களையும், சில நிலைகளில் குடியிருப்பவரின் சொந்த உறுதிமொழியையும் ஏற்கத் தொடங்கியது.

விழுப்புரத்தில் “அனுமதிபெற்ற கட்டடம்” என்ற வரியின் முன் நிற்பவருக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது: குடியிருப்பைக் காட்ட எத்தனை வகைச் சான்று உண்டோ அத்தனையையும் திரட்டி வைக்க வேண்டும். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, குழந்தையின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு. இவற்றோடு பலர் பயந்து கிழித்துப் போடும் ஒரு தாளும் உண்டு: பி மெமோ. புறம்போக்கில் குடியிருப்பவருக்கு வருவாய்த் துறை கொடுக்கும் ஆக்கிரமிப்பு அறிவிப்பு அது. ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லும் அதே தாள், இந்த ஆண்டில் இந்தச் சர்வே எண்ணில் இன்னார் குடியிருந்தார் என்பதற்கு அரசே கொடுத்த சாட்சியும்கூட. பத்திரமாக வைக்க வேண்டும்.

அடுத்து நிலத்தின் வகை. கிராம நத்தமாக இருந்தால் நத்தம் பட்டா கேட்கலாம். ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால், வரன்முறை செய்து வீட்டுமனைப் பட்டா கொடுக்க வழி உண்டு. ஏரி, ஓடை, வாய்க்கால் போன்ற நீர்நிலைப் புறம்போக்கு ஆட்சேபணைக்குரியது; அங்கேயே பட்டா கிடைக்காது, மாற்று மனைதான் கேட்க முடியும். இதை அறியாமல் ஏரிக்கரைக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் அதே இடத்துக்கு மனு கொடுத்துக்கொண்டிருப்பதும், ஒவ்வொரு முறையும் “நிராகரிக்கப்பட்டது” என்று பதில் வாங்குவதும் நடக்கிறது. முதலில் வி.ஏ.ஓ.விடம் ‘அ’ பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மனுவின் வாசகம் அதைப் பொறுத்தது. மாற்று மனைக்கு அரசு நிலம் இல்லையென்று பதில் வந்தால், 1978-ஆம் ஆண்டின் 31-ஆவது தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி ஆதிதிராவிடர் நலத்துக்காகத் தனியார் நிலத்தைக் கையகப்படுத்த முடியும். அதற்குரிய கதவு ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் அலுவலகம்.

இருளர்களுக்கு இதற்கும் முந்தைய படி ஒன்று: சாதிச் சான்றிதழ். பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தர வேண்டும். திண்டிவனம் கோட்டத்தில் அது சார் ஆட்சியர் அலுவலகம். இருளர்கள் நலிவுற்ற பழங்குடி வகைக்குள் வருவதால், 2023 நவம்பரில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். ஜன்மன் திட்டத்தில் வீட்டுக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. மாநில அரசும் சேர்த்துக் கொடுக்கிறது. சான்று இல்லாத குடும்பத்துக்கு இந்த வழி கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி, பலருக்கும் பேராசிரியர் கல்யாணி, தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பல்லாண்டுகளாகச் சாதிச் சான்று, மனைப் பட்டா, காவல் துறையின் பொய் வழக்குகள் ஆகியவற்றில் இந்த மக்களோடு நின்றிருக்கிறது. புதிதாக வேலை தொடங்குபவர்கள் சக்கரத்தை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மனு எழுதும் முறையை இத்தகைய சங்கங்களிடமிருந்து கற்கலாம்.

கலைஞர் கனவு இல்லத்தின் கணக்கு இங்கேதான் வந்து முட்டுகிறது. 2024-இல் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டம் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது, 360 சதுர அடி. 2030-க்குள் எட்டு லட்சம் வீடு என்பது இலக்கு. தானே புயலுக்குப் பின் 2012-இல் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு ஒரு லட்சம் வீடு அறிவிக்கப்பட்டதும் இதே மண்ணில்தான். திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் வீடு கட்ட மனை வேண்டும், மனைக்குப் பட்டா வேண்டும். கணக்கெடுப்பில் “முன்னுரிமை” பெற்ற குடும்பம் பட்டா இல்லாமல் நின்றால், அந்த முன்னுரிமை அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். ஆகவே சேதப் பட்டியலையும் பட்டா மனுவையும் தனித்தனி வேலையாகப் பார்க்கக் கூடாது. ஒரே நாளில், ஒரே கோப்பில், ஒரே குடும்பத்துக்கு இரண்டும் போக வேண்டும்.

மனை எங்கே?

மாற்று இடம் கிடைத்துவிட்டால் போராட்டம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சென்னை செம்மஞ்சேரியைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். சுனாமியில் வீடிழந்த குடும்பங்களும், நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்களும் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். தாழ்வான சதுப்புப் பகுதி அது; பெருமழை வந்தால் மறுபடி தண்ணீர்தான். வேலையும் பள்ளியும் பல கிலோமீட்டர் தள்ளி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டபோதும் வேலை, பள்ளி பற்றிய அதே கேள்வி எழுந்தது.

கிராமத்தில் மாற்று மனை என்று காட்டப்படுவது பெரும்பாலும் வேறு யாரும் கேட்காத நிலம். பட்டாவைக் கையில் வாங்குவதற்கு முன் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிலத்தைப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் இந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து வயல்காரரைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். பாதை யார் நிலத்தின் வழியாகப் போகிறது? அது வரைபடத்தில் பாதையாகவே இருக்கிறதா, இல்லை ஒருவரின் தயவில் விடப்பட்ட வரப்பா? தயவில் கிடைத்த வரப்பு, முதல் சண்டை வந்ததும் வேலிக்குள் போகும். குடிநீர், மயானம், ரேஷன் கடைக்குள்ள தூரம், இவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். பாதையையோ தண்ணீரையோ மயானத்தையோ பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்; 2015 திருத்தத்தில் அது 3(1)(இசட்.ஏ.) பிரிவாக விரிவாக எழுதப்பட்டுள்ளது.

எல்லோரையும் சேர்த்துக் குடியமர்த்துவதா, தனித்தனியாகவா? விழுப்புரத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. வானூர் ஒன்றியம் கொழுவாரியில் 2022 ஏப்ரல் 5-ஆம் தேதி பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்பது 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் பங்கீடு. இது புயல் வீட்டுத் திட்டமல்ல. ஆனாலும் வெள்ளத்துக்குப் பின் அரசு புதிதாக ஒரு குடியிருப்பை அமைக்கும் ஊரில், அந்தப் பங்கீட்டையே கேட்கலாம். காலனியை இன்னொரு பள்ளத்தில் இன்னொரு முறை கட்டிவைக்க வேண்டியதில்லை. அதே நேரம் இருளர் குடும்பங்கள் சில இடங்களில் தங்கள் உறவுகளோடு ஒரே கொத்தாக இருப்பதையே பாதுகாப்பாகக் கருதுகிறார்கள். அவர்களை நாலு தெருவில் பிரித்துப் போட்டுவிட்டுச் சமத்துவம் என்று சொல்லக் கூடாது. குடியேறப் போகிறவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்னதைக் கிராம சபைத் தீர்மானமாக எழுதுவதுதான் சரியான வழி.

வாடகைக்கு இருப்பவர்கள்

திண்டிவனம், விழுப்புரம் நகரங்களில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் கூலிக் குடும்பங்களைச் சேதப் பட்டியல் பெரும்பாலும் காண்பதில்லை. வீட்டுக்கான தொகை உரிமையாளருக்கு. குடியிருந்தவருக்கு ஆடை, பாத்திரத்துக்கான சிறு தொகை மட்டும் விதியில் உண்டு, அதுவும் பெயர் எழுதப்பட்டால். வெள்ளத்துக்குப் பின் உரிமையாளர் வீட்டைப் பழுதுபார்த்து வாடகையை ஏற்றுவார். வேறு வீடு தேடிப் போனால் “நீங்க எந்த ஆளுங்க?” என்ற கேள்வி வாசலிலேயே வரும். அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. இந்தியாவில் தனியார் வாடகைக்கென அப்படித் தனிச் சட்டம் இன்னும் வரவில்லை; வர வேண்டும். அதுவரை செய்யக்கூடியது, நகராட்சி வார்டுகளில் வாடகைதாரர்களுக்கென்று தனிப் பட்டியல் எழுத வைப்பதும், ரேஷன் அட்டை வேறு ஊரில் இருந்தாலும் பள்ளிப் பதிவையோ எரிவாயு ரசீதையோ குடியிருப்புச் சான்றாக ஏற்கும்படி ஆணையரிடம் எழுதிக் கேட்பதுமே.

எந்தக் கதவு, எப்போது?

விடுபட்டவரின் முதல் மனு தாசில்தாருக்கு, ஒப்புகைச் சீட்டோடு. பதில் வராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். ஒவ்வொருவராகப் போவதைவிட, விடுபட்ட எல்லாக் குடும்பங்களும் சர்வே எண்ணோடு கூடிய ஒரே அட்டவணையோடு போவது நல்லது. சாதி காரணமாகவே விடப்பட்டதற்குச் சான்று இருந்தால், 2021-இல் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்துக்கு நகல் அனுப்ப வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை என்று யாரும் நின்றுவிட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி தருகிறது. அதே பிரிவு வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவரையும் சாதி வன்கொடுமைக்கு ஆளானவரையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்கிறது.

இந்த வேலைக்கு உகந்த காலம் கோடை. மே 1 கிராம சபையில், பட்டா இல்லாத குடும்பங்களின் பெயர், சர்வே எண், நிலத்தின் வகை ஆகியவற்றோடு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மே, ஜூனில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் அதே அட்டவணையை மனுவாகக் கொடுத்து எண் வாங்க வேண்டும். ஆகஸ்ட் 15 சபையில் எத்தனை மனுவுக்குப் பதில் வந்தது என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய கடைசிச் சபை அக்டோபர் 2. அன்றைக்குள் ஒவ்வொரு வீட்டின் படமும் ஆவண நகலும் ஒரு கோப்பாகி, ஒரு பிரதி ஊரில் மேடான இடத்தில் இருக்கும் பள்ளியிலும், இன்னொன்று திண்டிவனம் அல்லது விழுப்புரத்தில் நம்பகமான ஒருவரிடமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.